கவலையின் பிறவினை

ஆங்கிலத்தில் ‘வொரி’ என்பது ஆதியில் கவலையே இல்லை, கொலை. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் குரல்வளையை நெரிப்பது என்று பொருள். 1755இல் சாமுவேல் ஜான்சன் அகராதி போட்டபோதும், விலங்கு தன் இரையைக் குதறுவது, ஒருவரைப் படாத பாடு படுத்துவது என்றுதான் எழுதினார். நம் இலக்கணப்படி சுத்தமான பிறவினை. தன் பாட்டுக்கு உட்கார்ந்து கவலைப்படும் தன்வினை, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது. அதுவரை வெள்ளைக்காரர்கள் சும்மாவா இருந்தார்கள்? கப்பலேறி ஊர் ஊராகப் போய் மற்றவர்களைக் கவலைப்படுத்துவதில் மும்முரமாக இருந்தார்கள்.

பழைய பொருள் இன்னும் சாகவில்லை. பிரிட்டனில் 1953இல் வந்த சட்டப்படி, வயலில் மேயும் ஆடுகளை ஒரு நாய் ‘வொரி’ பண்ணினால் அதன் உரிமையாளர் குற்றவாளி. கடித்தால்தான் என்றில்லை, காயமோ அவதியோ வரும்படி துரத்தினாலே போதும். அதே நாயை ஓர் எலும்போடு உட்கார வைத்தால் ‘வொரி அட்’ என்ற ஃப்ரேசல் வெர்ப் கிடைக்கும். விடாமல் கடித்து இழுத்துக்கொண்டே இருப்பது. மனிதர்கள் விஷயத்தில், ஒன்றைப் போட்டுக் குடைந்துகொண்டே இருப்பது. ‘வொரி அபவுட்’ ஆசாமி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். ‘வொரி அட்’ ஆசாமிக்கு ஓய்வே கிடையாது.

என் பெரியப்பா இரண்டாம் ரகம். விடிந்ததும் போன் வரும்.

“தம்பி, குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?”

“இப்பத்தான் எந்திரிச்சேன் பெரியப்பா.”

“போன வாரமும் இப்படித்தானே இருந்துச்சு!”

அடுத்து, வீட்டுக்கடன் வட்டி ஏறிவிட்டதா என்பார். அதற்கடுத்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்பார். எல்லாம் முடிந்தபின், “ஒண்ணுமில்லப்பா, சும்மாதான் கேட்டேன்” என்று வைத்துவிடுவார். கடிக்கவில்லை, துரத்தியதோடு சரி.

அவர் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். நான் ஆபீஸ் மாடிப்படியில் நின்று எனக்கு நானே “ஹலோ, ஹலோ” சொல்லிக் குரலைச் சோதித்துக்கொண்டிருப்பேன். வீட்டில் மனைவி தொட்டி மூடியைப் பார்க்கப் பக்கத்து வீட்டில் ஏணி கேட்டுக்கொண்டிருப்பாள். இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் வட்டிக் கணக்குப் போடும்போது, பெரியப்பா அடித்துப்போட்டாற்போல் தூங்குவார்.

சொந்தக்காரர்கள் மத்தியில் பெரிய கவலைக்காரர் என்ற பெயர் அவருக்கு. பி.பி. மாத்திரை எனக்கு.