கோரிக்கைப் படிவம்: கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை

பயணக் காப்புறுதிக் கம்பனியின் இழப்பீட்டுப் பிரிவு முகாமையாளர் ஐயா அவர்களுக்கு,

வன்னிச் சனம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த எங்கள் பிள்ளையொன்று உங்கள் கையேட்டை விறாந்தையில் விட்டுவிட்டுப் போய்விட்டது. பயணத்தில் காசு, நகை, உடுப்புத் தொலைந்தால் பணம் தருவீர்களாமே! நாங்களும் ஒரு பயணம் போனோம் ஐயா. 2008 கடைசியில் கிளிநொச்சியில் வெளிக்கிட்டு, பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று இறங்கி இறங்கி ஏறி, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடித்தோம். அதற்கான கோரிக்கை இது. படிவத்தில் இடம் காணாதபடியால் தாள் சேர்த்திருக்கிறோம்.

பொதிகளின் விபரம் கேட்டிருக்கிறீர்கள். புறப்படும்போது உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரம், கதவு, யன்னல், நெல்மூட்டை, தையல் மெசின், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் இருந்தன. டீசல் தீர்ந்த இடத்தில் தகரமும் கதவும் நின்றுவிட்டன. பிறகு சைக்கிள் கரியரில் கொண்டதுதான் மிச்சம். மாத்தளனில் ஒரு உரப்பை. வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது உடுத்திருந்த உடுப்பு. உடுப்புக்கு நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. தேய்மானம் கழித்தால் எங்களிடமே நீங்கள் காசு கேட்கக்கூடும்.

யுத்தத்தால் வரும் இழப்புக்குப் பணம் இல்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். நடந்தது யுத்தமே அல்ல. பாதுகாப்பு அமைச்சு 2011இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றுதான் தொடங்குகிறது. மனிதாபிமானத்தால் வரும் இழப்புக்கு விலக்கு உண்டென்று உங்கள் கையேட்டில் எங்கும் இல்லை. நாலு பேரைக் கொண்டு வாசிப்பித்துப் பார்த்துவிட்டோம்.

பெறுமதியான பொருட்களைப் பாதுகாப்பான இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. வைத்திருந்தோம். அரசாங்கமே 2009 ஜனவரியில் ஒரு பாதுகாப்பு வலயம் அறிவித்தது, அங்கே போனோம். பெப்ரவரியில் கடற்கரைப் பக்கமாக இன்னொன்று, அங்கேயும் போனோம். மே மாதத்தில் அதையும் சுருக்கி மூன்றாவது; போனோம். இதைவிடப் பாதுகாப்பான இடம் உங்கள் ஹோட்டல் பெட்டகமாகத்தான் இருக்கும்.

24 மணித்தியாலத்துக்குள் பொலிஸ் முறைப்பாடு என்கிறீர்கள். அங்கே அப்போது இரண்டு பொலிஸ் இருந்தது, போர்முனைக்கு இந்தப் பக்கம் புலிகளுடையது ஒன்று, அந்தப் பக்கம் அரசாங்கத்துடையது ஒன்று. ஒருவரிடம் எழுதிய முறைப்பாட்டுத் துண்டோடு மற்றவரிடம் போய் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு காப்புறுதி எடுத்திருக்க வேண்டும்.

இனி நகை. இதைத்தான் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

கொஞ்சப் பவுண் மாத்தளனில் அரிசிக்கும் பால்மாவுக்கும் போனது. சோடியாக உள்ளதை ஒரே பொருளாகக் கணக்கெடுப்பீர்களாம். காப்புச் சோடியில் ஒன்றை விற்றுச் சாப்பிட்டுவிட்டு மற்றதைத் தொலைத்தவர்களுக்கு அரைப் பொருள் என்று போடுவீர்களோ? கொஞ்சம் பால்மா ரின்னுக்குள் ஷொப்பிங் பையால் சுற்றி, வளவில் மரத்தடியில் புதைத்தது. 2010இல் மீள்குடியேறிப் போனால் ரின் இருக்கட்டும், மரத்தைக் காணவில்லை. கண்பார்வையிலிருந்து விலகிய பொருளுக்குப் பொறுப்பில்லை என்கிறீர்கள், சரி. ஆனால் முல்லைத்தீவில் புலிகளின் தங்கம் இருக்கிறதாம் என்று நீதிமன்ற அனுமதியோடு பெக்கோ கொண்டுவந்து கிண்டுவது இன்றைக்கும் நடக்கிறது. எங்கள் ரின்னைத் தேடி ஒருவரும் பெக்கோ அனுப்பியதில்லை.

மிச்சம் அடைவில் இருந்தது. 1994இல் புலிகள் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் சனம் தாலிக்கொடியையும் சங்கிலியையும் அடைவு வைத்துத்தான் விதைநெல் வாங்கியது, பிள்ளையைப் படிப்பித்தது. யுத்தம் முடிந்தபோது (மன்னிக்கவும், மனிதாபிமானம் முடிந்தபோது) கைப்பற்றப்பட்ட நகைகள் இராணுவத்திடம் இருந்தன. 2014 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதம் கிடக்க, மகிந்த ராஜபக்ச ஒரு சிலருக்கு நகையைக் கையில் கொடுத்தார். தேர்தலில் தோற்றார், நகையும் நின்றுவிட்டது. 2025 மே 2ஆம் திகதி இராணுவம் ஒரு தொகுதி நகையைப் பதில் பொலிஸ்மா அதிபரிடம் கையளித்தது. பதினாறு வருசம் பிந்தினாலும் கடைசியில் பொலிஸ் முறைப்பாடு என்ற உங்கள் நிபந்தனை ஒருமாதிரி நிறைவேறிவிட்டது, பாருங்கள். இனி உரிமையை நிரூபித்தால் திருப்பித் தரலாமாம்.

எதைக் கொண்டு நிரூபிக்கிறது? அடைவுத் துண்டு உரப்பையோடு போனது. உரப்பை போன இடத்தை மேலே எழுதியிருக்கிறோம். துண்டு எழுதிக்கொடுத்தவர்களும் இல்லை. நகைக்காரி சிலரும் இல்லை.

நாங்கள் கட்டுப்பணம் ஒரு சதமும் கட்டவில்லை, அதனால் இந்தக் கோரிக்கையைத் தள்ளிவிடுவீர்கள் என்பது தெரியும். அதில் கோபமில்லை. ஆனால் சாமான் தொலைந்தால் விலை மதிக்க, படம் எடுக்க, ஆளைத் தேடிப்பிடிக்க உங்களிடம் மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கொழும்புக்கு அனுப்பி வையுங்கள் ஐயா. அங்கே பெட்டிகளில் கிடக்கிற நகை ஒவ்வொன்றையும் நிறுத்து, படம் பிடித்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா கச்சேரிகளில் ஒட்டச் சொல்லுங்கள். தன் தாலிக்கொடியை அடையாளம் காட்ட எந்தப் பெண்ணுக்கும் பற்றுச்சீட்டுத் தேவையில்லை.

இப்படிக்கு,
பயணிகள்,
வன்னி.

பி.கு: பதிலைக் கிராம அலுவலர் மூலம் அனுப்பவும். கேப்பாப்பிலவில் சிலருடைய காணி இன்னும் இராணுவத்திடம் இருப்பதால் அவர்கள் பயணத்திலிருந்து வீடு திரும்பவில்லை. தாமதத்துக்கும் பணம் தருவதாகக் கையேட்டில் இருக்கிறது. அந்தப் படிவத்தையும் வைத்து அனுப்புங்கள்.