உள்ளே இருப்பதும் ஓரத்தில் செருகுவதும்

ஸ்மார்ட்போனில் படமும் பாட்டும் குடியிருக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, கம்பெனியிலேயே போர்டோடு பற்றவைத்து அனுப்பப்படும் உள் சேமிப்பு. புழக்கத்தில் ‘போன் மெமரி’. மற்றொன்று, வாங்கியவர் ஓரத்துத் துளையில் செருகிக்கொள்ளும் மெமரி கார்டு. முன்னதன் அளவைக் கடையில் பணம் கட்டும்போதே முடிவு செய்துவிட வேண்டும்; பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் அது வளராது. பின்னதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், இரவல் தரலாம், தொலைக்கலாம். மூன்று வசதிகளில் மக்கள் அதிகம் பயன்படுத்துவது கடைசியைத்தான்.

வடசென்னையின் மாதவரத்தில் இந்த வேறுபாட்டுக்குத் தனிப்பாடம் தேவையில்லை. ஜி.என்.டி. சாலையை ஒட்டியும் 200 அடி சாலையை ஒட்டியும் குடோன்கள் வரிசைகட்டி நிற்கும் ஊர் இது. போன் மெமரி என்பது வீடு, கார்டு என்பது குடோன் என்றால் மூலக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்குக்கூடப் புரியும். வீட்டில் வைத்த பொருள் கேட்டவுடன் கைக்கு வரும். குடோனில் இருப்பதை எடுத்துவர நேரமாகும். ஆனால் வீட்டுக்கு ஏதாவது ஆனால், குடோனில் இருப்பதாவது மிஞ்சும்.

இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்றே. ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகாவின் கண்டுபிடிப்பாக 1987இல் வெளிவந்த ‘நாண்ட்’ ஃபிளாஷ் நினைவகம்தான் போர்டிலும் இருக்கிறது, கார்டிலும் இருக்கிறது. சான்டிஸ்க், மட்சுஷிடா, தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் 1999இல் சேர்ந்து எஸ்டி கார்டை அறிவித்தன. போன்களுக்கென்று சான்டிஸ்க் 2004இல் கொண்டுவந்த ‘டிரான்ஸ்ஃபிளாஷ்’ என்னும் குட்டிக் கார்டு, 2005இல் ‘மைக்ரோ எஸ்டி’ என்று பெயர் மாறியது. அதன் நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11 மில்லிமீட்டர், தடிமன் 1 மில்லிமீட்டர். ஒரு கல்யாண ஆல்பத்தையே அடக்கும் இந்தப் பொருள் மொசைக் தரையில் விழுந்தால், குடும்பமே மண்டியிட்டுத் தேட வேண்டியிருக்கும். துடைப்பத்தோடு எவரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்ற தடை உத்தரவும் உடனே பிறப்பிக்கப்படும்.

கார்டு உட்கார்ந்திருக்கும் ட்ரேயை வெளியே எடுக்க, போன் பெட்டியில் ஒரு மெல்லிய ஊசி தரப்படுகிறது. பெட்டி பத்திரமாகப் பரணில் இருக்கும். ஊசி மட்டும் இருக்காது. ஆகவே நடைமுறையில் அந்தப் பணியைச் செய்வது புடவையில் குத்திய ஊக்கு, அல்லது வீட்டுப் பெண்ணின் தோடு. சில போன்களில் ட்ரேக்குப் பக்கத்திலேயே மைக்கின் துளையும் இருப்பதால், ஊக்கு முதலில் அதில்தான் நுழையும். அதன்பிறகு அந்தப் போனில் பேசுகிறவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதும் உண்டு.

மெமரி கார்டின் பொற்காலம், வடசென்னையில் ஏறத்தாழ 2008 முதல் 2016 வரை. நெட் பேக் விலைக்கு அஞ்சி எல்லாரும் டேட்டாவை அணைத்துவைத்திருந்த காலம் அது. செல்போன் கடை வாசலில் ‘இங்கு மெமரி கார்டில் பாடல், படம் ஏற்றித் தரப்படும்’ என்று பலகை தொங்கும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு கார்டு ரீடர், அதைச் சுற்றி நாலு பேர்.

“ண்ணா, புதுப் பாட்டா பாத்து ஏத்துண்ணா.”

“எத்தினி ஜிபி?”

“ரெண்டு.”

“ஃபுல்லா இருக்கே. பழசெல்லாம் தூக்கிரவா?”

“ஐயோ, வேணாண்ணா. அதுல பாப்பா போட்டோ கீது.”

இந்த உரையாடலின் முடிவில் பாப்பாவின் போட்டோ ‘நியூ ஃபோல்டர் 3’ என்ற பெயரில் கடைக்காரரின் கம்ப்யூட்டருக்குக் குடிபெயரும். அதன் இடத்தில் ‘குத்து’, ‘சோகம்’, ‘ராஜா ஹிட்ஸ்’, ‘அம்மன்’ என்று நான்கு உறைகள் வந்து அமரும். கடைக்காரர் வைத்திருந்தது ஒரே தொகுப்பு. எல்லாருக்கும் அதையே ஏற்றினார். அதனால் ஷேர் ஆட்டோவில் ஒரு பாட்டு முடியும்போது அடுத்தது என்ன என்பதைப் பயணிகள் முன்கூட்டியே முணுமுணுக்க முடிந்தது. ஆடி மாதத்தில் ‘அம்மன்’ உறை மட்டும் கூழ் ஊற்றும் பந்தலின் ஒலிபெருக்கிக்கு இரவலாகப் போகும்; திரும்பி வருவது புரட்டாசியில். பேட்டைப் பையன்கள் போனிலேயே பதிந்த கானாப் பாட்டுகள், எந்தக் கம்பெனியும் வெளியிடாமல், புளூடூத்திலும் கார்டிலும் ஏறியே தெருத் தெருவாகப் போய்ச் சேர்ந்தன.

பாட்டோடு வைரஸும் இலவசமாக ஏறியது. எல்லாருடைய கார்டும் ஒரே ரீடரில் நுழைந்து வந்ததே காரணம். மறுநாள் உறைகள் எல்லாம் ‘ஷார்ட்கட்’ ஆக மாறி, தொட்டால் திறக்காது. உண்மையில் கோப்புகள் எங்கும் போயிருக்காது. வைரஸ் அவற்றை மறைத்துவைத்துவிட்டு, அதே பெயரில் போலி வாசல் ஒன்றை நட்டிருக்கும். கடைக்காரர் அதைச் சரிசெய்யத் தனியே காசு வாங்குவார். சரிசெய்த கார்டு மறுபடியும் அதே ரீடரில் நுழையும்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. டேட்டா மலிந்தது, பாட்டு ஏற்றும் தொழில் படுத்தது. பலகையில் ‘ஏற்றித் தரப்படும்’ என்பதன்மேல் ‘டெம்பர் கிளாஸ் ஒட்டித் தரப்படும்’ என்ற காகிதம் ஒட்டப்பட்டது. கார்டுக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது: பாட்டு வைத்த இடத்தில் போட்டோவும் வீடியோவும்.

இதே காலத்தில் பரவிய ‘ஹைப்ரிட்’ ட்ரே குடும்ப அமைதிக்குச் சோதனையாக வந்தது. அதில் இரண்டு சிம் போடலாம், அல்லது ஒரு சிம்மும் ஒரு கார்டும் போடலாம்; மூன்றும் சேர்ந்து நடவாது. ஒரு சிம் ஆபீசுக்கு, ஒரு சிம் ஆஃபருக்கு என்று வாழ்கிறவர், பிள்ளையின் ஆண்டுவிழா வீடியோவா ஆஃபரா என்று தீர்மானிக்க வேண்டிவந்தது. சிம்மின் பிளாஸ்டிக்கைச் சுரண்டி, அதன் முதுகில் கார்டை ஒட்டி, மூன்றையும் ஒரே ட்ரேயில் திணித்த வீரர்களும் உண்டு. சில நேரம் அது வேலை செய்தது. மற்ற நேரங்களில் ட்ரே உள்ளே போனது, வெளியே வரவில்லை.

இனி உள் சேமிப்பு. பெட்டியில் 64 ஜிபி என்று போட்டிருக்கும். நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்று தயாரிப்பாளர் எண்ணுகிறார். கம்ப்யூட்டர் வழக்கப்படி 1024ஐ மூன்று முறை பெருக்கி எண்ணினால் அதே 64, சுமார் 59.6 ஆகிவிடும். அதிலும் ஆண்ட்ராய்டும் உடன்வந்த செயலிகளும் தமக்கான பங்கை முன்பே பிடித்திருக்கும். நீக்க முடியாத அந்தச் செயலிகளில் ஒன்று, இடம் போதவில்லை என்று தினமும் எச்சரிக்கும்.

மிச்சமிருந்த இடத்தை நிரப்பியது ‘குட் மார்னிங்’. ரோஜாப்பூவும் தத்துவமும் கலந்த படங்கள் விடியற்காலையில் சித்தப்பா, பெரியப்பா, அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் என்று நான்கு திசையிலிருந்தும் வந்து இறங்கும். இந்திய போன்கள் இப்படித் திணறுவதைக் கண்ட கூகுள், 2017 டிசம்பரில் ‘ஃபைல்ஸ் கோ’ என்ற செயலியை வெளியிட்டது. காலை வணக்கப் படங்களைக் கண்டுபிடித்து ஒட்டுமொத்தமாக அழிக்கும் வசதியும் அதில் சேர்க்கப்பட்டது. இந்தப் படங்களைக் கார்டுக்குத் திருப்பிவிடலாமே என்றால், வாட்ஸ்அப் கார்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வருவதையெல்லாம் போன் மெமரியில்தான் போடும்.

வேகம் என்று பார்த்தால் உள் சேமிப்பின் பக்கமே நியாயம். போன்களில் வழக்கமாகப் போடும் யுஎச்எஸ்-1 வகைக் கார்டின் பாதை, வினாடிக்கு அதிகபட்சம் 104 எம்பி தாங்கும். மலிவு விலைப் போனில் உள்ள இஎம்எம்சி 5.1 சேமிப்புக்கு அந்த வரம்பு 400 எம்பி. உயர்விலைப் போனின் யுஎஃப்எஸ் 4.0 சேமிப்பு 4,200 எம்பி வரை படிக்கும். பாட்டுக் கேட்க 104 எம்பி தாராளம். ஒரே நேரத்தில் நூறு சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் செயலிக்கு அது போதாது. கார்டில் ஏ1, ஏ2 என்று அச்சிட்டிருப்பது அந்தத் திறனின் குறியீடு: ஏ1 என்றால் வினாடிக்குக் குறைந்தது 1,500 முறை படிக்க வேண்டும், ஏ2 என்றால் 4,000 முறை.

கூகுளும் இரண்டையும் சேர்த்துவைக்க முயன்றது. 2010இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2, செயலியின் ஒரு பகுதியைக் கார்டுக்கு மாற்ற அனுமதித்தது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0, கார்டையே போன் மெமரியின் பாகமாக ஆக்கிக்கொள்ள வழிசெய்தது. அப்படி ஆக்கிய கார்டு அந்தப் போனுக்குரிய சாவியால் பூட்டப்படும். வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ திறக்காது. இது தெரியாமல், ஒரு பாட்டைக் காப்பி பண்ண மச்சானிடம் கார்டைக் கழற்றிக் கொடுத்தவரின் போனில் பாதிச் செயலிகள் காணாமல் போயின. மச்சான் போனோ ‘இந்தக் கார்டு பழுது, ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டது. மச்சான்கள் பொதுவாக ‘சரி’யை அழுத்துகிறவர்கள்.

இதற்கிடையே கம்பெனிகள் துளையையே அடைக்கத் தொடங்கின. 2007இல் வந்த முதல் ஐபோனிலிருந்தே கார்டுக்கு இடமில்லை. சாம்சங், 2015இல் கேலக்ஸி எஸ்6 மாடலில் அதை எடுத்தது. 2016இல் எஸ்7 மாடலில் திருப்பித் தந்தது. 2021இல் எஸ்21 மாடலில் மறுபடியும் எடுத்தது. துளை இருந்தால் தண்ணீர் புகும் என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது. கார்டுத் துளையும் கழற்றும் பேட்டரியும் கொண்ட எஸ்5, 2014இலேயே தண்ணீரைத் தாங்கியது என்பதை அந்தக் காரணம் கண்டுகொள்வதில்லை. இன்னொரு காரணம் சொல்லப்படுவதில்லை. அது விலைப்பட்டியலில் இருக்கிறது. 128 ஜிபி மாடலிலிருந்து 256 ஜிபி மாடலுக்கு ஏறக் கேட்கும் கூடுதல் தொகையில், அதே அளவு கார்டு வாங்கி மிச்சத்தில் பிரியாணியும் சாப்பிடலாம். கார்டு வேண்டாம், மேகத்தில் வையுங்கள் என்ற அறிவுரையும் இலவசமாகத்தான் தொடங்கியது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அந்த வரம்பில்லாத இலவசத்தை நிறுத்தி, 15 ஜிபியோடு கணக்கு வைத்தது.

ஸ்ரீபெரும்புதூரே இந்த மாற்றத்துக்குச் சாட்சி. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. பின்னர் அதே ஊரில் ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து கார்டுத் துளையே இல்லாத ஐபோன்கள் புறப்பட்டன.

கார்டு தரப்பிலும் குற்றம் உண்டு. முதலாவது, போலி. உலகின் முதல் 1 டிபி மைக்ரோ எஸ்டி கார்டுகளை சான்டிஸ்க்கும் மைக்ரானும் அறிவித்ததே 2019 பிப்ரவரியில்தான்; போலிச் சந்தை அதற்கு முன்பே அந்த அளவை எட்டிவிட்டது. உள்ளே 8 ஜிபி சில்லை வைத்து, ‘நான் 1 டிபி’ என்று சொல்லும்படி கார்டின் கட்டுப்பாட்டுச் சில்லுக்குக் கற்றுக்கொடுப்பதே தொழில்நுட்பம். 8 ஜிபி நிரம்பும்வரை கார்டு யோக்கியமாக நடந்துகொள்ளும். அதன்பின் வரும் படங்களுக்குப் பெயர் மட்டும் பதியும், படம் பதியாது. முழுதும் எழுதி, முழுதும் திரும்பப் படித்துப் பார்ப்பதே சோதனை. விண்டோஸுக்கு ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸுக்கு ‘எஃப்3’ என்ற மென்பொருள்கள் இதைச் செய்யும். எஃப்3 என்பதன் விரிவே ‘ஃபிளாஷ் மோசடியை எதிர்த்துப் போராடு’ என்ற பொருளுடையது. இரண்டாவது குற்றம், மரணம். ஃபிளாஷ் சில்லில் எழுதி அழிப்பதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. மலிவுக் கார்டு அதை எட்டியதை முன்கூட்டிச் சொல்லாது.

ஆனால் போன் செத்தால் நடப்பது வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. நனைந்த போனைக் கொண்டுவந்தவர்களிடம் சர்வீஸ் கடையில் சொல்லப்படும் தீர்ப்பு இரண்டே சொல்: “போர்டு போச்சு.” போர்டோடு பற்றவைத்த சேமிப்பும் அதோடு போகும். சில்லை மட்டும் பெயர்த்தெடுத்தாலும் பயனில்லை. இப்போதைய போன்களில் தகவல் பூட்டப்பட்டிருக்கும், சாவி அந்த இறந்த போர்டில்தான் இருக்கும். அதே போனில் கிடந்த கார்டைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, வேறு போனில் போட்டால் பெரும்பாலும் திறந்துவிடும். துளை அடைத்த கம்பெனிகளின் விளம்பரத்தில் வேகம் உண்டு, மெலிவு உண்டு. இந்தக் காட்சி இல்லை.

எனவே மாதவரத்தில் போன் வாங்கப் போகிறவருக்கு வழி எளிது. செயலிகள் போன் மெமரியில் இருக்கட்டும். இரண்டு சிம்முக்கும் கார்டுக்கும் தனித்தனி இடமுள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். கார்டைப் பில்லோடு வாங்கி, வாங்கிய அன்றே சோதியுங்கள். கேமரா செட்டிங்கில் சேமிப்பிடத்தைக் கார்டுக்கு மாற்றுங்கள். கார்டும் ஒருநாள் போகும் என்பதால், பாப்பாவின் போட்டோவை இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கடைக்காரரின் ‘நியூ ஃபோல்டர் 3’ அந்த இன்னோர் இடம் ஆகாது.