டின் கறி மாமன்னர் மெய்க்கீர்த்தி

தகரக் கோட்டைக்குள் எழுந்தருளி, ரத்தமும் எலும்பும் நரம்பும் தோலும் துறந்து, கோழியோ ஆடோ மாடோ பன்றியோ என்று எவராலும் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாத பெருநிலையை எய்தி, ரோஜா நிறத் திருமேனியோடு உலகாண்டு வருகிற மலிவு விலை டின் கறி மாமன்னரை மதுரைப் பழங்காநத்தத்தார் இன்னும் முறையாக வரவேற்கவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்களின் அட்டைப்பெட்டிக்குள், கோடாலித் தைலத்துக்கும் குளியல் சோப்புக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, கொஞ்சமும் முகம் சுளிக்காமல் கடல் கடந்து வருகிறார். வந்தவருக்குத் திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு தோரணம் கிடையாது, ரவுண்டானாவில் ஒரு வேட்டுக் கிடையாது. அந்தக் குறை தீர நானாவது நாலு வார்த்தை பாடி வைக்கிறேன்.

கறி விஷயத்தில் எங்கள் ஊரார் எவ்வளவு பின்தங்கியவர்கள் என்று சொன்னால்தான் மாமன்னரின் அருமை விளங்கும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் தூக்குவாளியும் பையுமாகக் கறிக்கடை வாசலில் போய் நிற்கிறார்கள். தொங்குகிற வெள்ளாட்டை மேலும் கீழும் பார்க்கிறார்கள். "அண்ணே, நெஞ்செலும்பு நாலு துண்டு, தொடையில அரைக்கிலோ, ஈரல் தனியா. சுவரொட்டி இருந்தா பிள்ளைக்கு ஒண்ணு போட்டு விடுங்க" என்கிறார்கள். கடைக்காரரும் அசராமல் புளியமரக் கட்டையில் கத்தியை இறக்கிக்கொண்டே, கிடா திருமங்கலம் சந்தையில் பிடித்தது, இன்னும் இளசுதான் என்று சாதகம் சொல்கிறார். வீட்டுக்கு வந்தால் தலைக்கு ஒரு குழம்பு, காலுக்கு ஒரு சூப், குடலுக்கு ஒரு குழம்பு, ரத்தத்துக்கு ஒரு பொரியல், கொத்துக்கறிக்குக் கோலா உருண்டை. ஓர் ஆட்டுக்குள் இத்தனை பேரா, ஒரு சமையலுக்கு இத்தனை கேள்வியா! மிஞ்சினால் மஞ்சளும் உப்பும் மிளகாயும் தடவிக் கயிற்றில் கோத்து, மொட்டைமாடியில் உப்புக்கண்டம் போட்டு, காக்காய் விரட்ட ஒரு பாட்டியையும் உட்கார வைக்கிறார்கள். மாமன்னரிடம் இந்தச் சள்ளை எதுவும் இல்லை. எந்தப் பாகம் என்று அவரைக் கேட்கவே வேண்டியதில்லை. எல்லாப் பாகமும் அவரே.

அவர் அவதாரம் எடுக்கும் விதத்தைக் கேளுங்கள். கோழியின் நல்ல சதையை அறுத்து எடுத்த பிறகு, கழுத்திலும் முதுகிலும் கூட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சசொச்சம் எங்கள் தெருவில் நாய்களுக்குத்தான் போகும். மாமன்னரின் ஆலைகள் அப்படி ஊதாரித்தனம் செய்வதில்லை. எலும்போடு சேர்த்து அரைத்து, பேரழுத்தம் கொடுத்துச் சல்லடை வழியே பிதுக்கி, அந்தப் பக்கம் பசையாக இறங்கும் இளஞ்சிவப்புக் கூழை ஒரு பொட்டு விடாமல் வழித்தெடுக்கின்றன. அதில் தண்ணீர், மாவுச்சத்து, உப்பு, சர்க்கரை, ரோஜா நிறம் மங்காதிருக்கச் சோடியம் நைட்ரைட், எல்லாம் கலந்து டின்னில் அடைத்து மூடி வேகவைத்தால் திருமேனி தயார். ஒரே டின்னுக்குள் எத்தனை கோழிகள் இரண்டறக் கலந்திருக்கின்றன என்று அந்தக் கோழிகளுக்கே தெரியாது. இப்படிப்பட்ட சமரசத்தை ஞானிகள் மடத்திலும் காண்பது அரிது. மாட்டெலும்பிலிருந்து இவ்வாறு பிதுக்கி எடுத்ததை மட்டும், மேட் கவ் நோய்க்கு அஞ்சி, 2004இல் அமெரிக்க அரசு மனிதர் உணவிலிருந்து விலக்கியது. பேரரசர்களுக்குச் சோதனைக் காலம் வருவது இயல்பு. கோழி வழியே திருவாட்சி இன்றும் தடையின்றி நடக்கிறது.

பழங்காநத்தத்தில் என் அத்தை வீட்டுக்கு மாமன்னர் ஒருமுறை எழுந்தருளியபோது உடனிருக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த மருமகன் கொண்டுவந்திருந்தான். வளையத்தை இழுத்ததும் மூடி உரிந்தது. டின்னைக் கவிழ்த்து முதுகில் தட்டத் தட்ட, உறிஞ்சும் சத்தத்தோடு மாமன்னர் மெல்ல வழுக்கித் தட்டில் இறங்கினார். டின்னின் வரிவரியான தடம் மேனி முழுவதும் ஆபரணமாகப் பதிந்திருந்தது. இடுப்பைச் சுற்றி வெள்ளையும் மஞ்சளுமாக உறைந்த கொழுப்பு, பட்டுப் பீதாம்பரம். அத்தை குனிந்து பார்த்தார்.

"ஏப்பா, இது என்ன கறி?"

"கோழி, அத்தை."

"கோழின்னா இதுல எது காலு, எது நெஞ்சு?"

மருமகன் டின்னைத் திருப்பித் திருப்பி எல்லா மொழியிலும் படித்துப் பார்த்தான். தம்மைப் பற்றி அதிகம் பேசாத மாமன்னரின் அடக்கம் அந்தக் காகிதத்திலும் இருந்தது. அத்தை வில்லை வில்லையாக அறுத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு, கறிவேப்பிலை, நிறைய மிளகு போட்டு எண்ணெயில் புரட்டினார். சட்டியில் இருந்த மசாலா எதற்கும் மாமன்னர் வசப்படவில்லை. எல்லாம் வெளியே ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே தம் சுபாவம் மாறாமல் இருந்தார். மதுரை மிளகுக்கு மசியாத அந்த மன உறுதியை நான் வேறு எந்தப் பிராணியிடமும் கண்டதில்லை. பிள்ளைகள் இன்னும் இன்னும் என்று கேட்டு வாங்கித் தின்றார்கள். கடிக்க வேண்டாம், மெல்ல வேண்டாம், எலும்பு உறிஞ்சக் கற்றுக்கொள்ள வேண்டாம். முளைத்துப் பயன் என்ன என்று பற்களே யோசிக்கும் அளவுக்கு ஓய்வு தருகிற வள்ளல் அவர். அத்தை ஒரு வில்லையை எடுத்து முகர்ந்து, இலை ஓரத்தில் மிகுந்த மரியாதையோடு ஒதுக்கி வைத்துவிட்டு ரசத்துக்குப் போனார்.

குலப்பெருமையிலும் மாமன்னருக்கு நிகர் இல்லை. மற்ற உணவுகள் அடுப்படியில் பிறந்தவை. இவர் படை முகாமில் பிறந்தவர். அடைத்துக் கொதிக்கவைத்தால் உணவு கெடாது என்று கண்டு சொன்ன நிக்கோலா அப்பேருக்கு 1810இல் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசு தந்தது. அதே ஆண்டு லண்டனில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை பெற்றார். திறக்கும் கருவியை மட்டும் மனிதகுலம் 1850களில்தான் கண்டுபிடித்தது. அதுவரை உளியும் சுத்தியலும் போர்வாளும் கொண்டு முற்றுகையிட்டால்தான் தரிசனம். உள்ளே இருப்பதை உலகம் அவசரப்பட்டுப் பார்த்துவிடக் கூடாது என்ற முன்யோசனை அன்றே இருந்திருக்கிறது.

அந்த முன்யோசனையின் மேன்மையை விளக்கியவர் ஸ்டெஃபான் கோல்ட்னர். மால்டேவியாவின் கலாட்ஸ் நகரில் ஆலை வைத்து, பிரிட்டிஷ் கடற்படைக்கு மற்ற எவரையும்விட மலிவாக டின் இறைச்சி அனுப்பிய புண்ணியவான். 1845இல் ஜான் பிராங்கிளின் தலைமையில் வடதுருவக் கடலுக்குப் புறப்பட்ட எரிபஸ், டெரர் என்ற இரு கப்பல்களிலும் அவருடைய டின்களே ஆயிரக்கணக்கில் ஏறின. போனவர்கள் 129 பேர். ஒருவரும் திரும்பவில்லை. பனிக்கு எவ்வளவு பங்கு, நோய்க்கு எவ்வளவு, டின்னை ஒட்டிய ஈயத்துக்கு எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். மாமன்னரோ அந்தப் புகழில் தமக்குரிய பங்கைக் கேட்டு ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. 1852இல் கோஸ்போர்ட் கிடங்கில் கோல்ட்னரின் 306 டின்களைத் திறந்து சோதித்தபோது, தின்னத் தகுந்தவையாக 42 தேறின. நாற்றம் தாங்காமல் சோதித்தவர்கள் வெளியே ஓட வேண்டியிருந்தது. அதிகாரிகளையே எழுந்து ஓடவைக்கும் செல்வாக்கு எந்தக் குழம்புக்கு உண்டு?

1964இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்தாருக்கும் அருள் பாலித்தார். அர்ஜென்டினாவில் வேகவைத்த டின்னைச் சுத்திகரிக்காத ஆற்றுத் தண்ணீரில் குளிரவைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியே டைபாய்டு கிருமிகள் உள்ளே குடியேறின. அபர்தீன் கடையில் அந்த இறைச்சியை அறுத்த அதே இயந்திரத்தில் மற்ற இறைச்சிகளையும் அறுத்ததால், கேட்டவர் கேளாதவர் என்ற பேதமில்லாமல் 500க்கும் மேற்பட்டோருக்குப் பிரசாதம் கிடைத்தது.

படை போன இடமெல்லாம் மாமன்னரும் போனார். 1937இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஹார்மெல் நிறுவனம் ஸ்பாம் என்ற பன்றியிறைச்சி டின்னைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப்போர் அதைக் கண்டம் கண்டமாகக் கொண்டுசேர்த்தது. கொரியப் போர் முடிந்து ஊரே சாம்பலாய்க் கிடந்தபோது, அமெரிக்க முகாம்களிலிருந்து கசிந்த டின்களைக் கிம்ச்சியோடு கொதிக்கவைத்துத் தின்று கொரியர்கள் உயிர் பிழைத்தார்கள். பசித்தவன் நாக்கில் அன்று இடம் பிடித்தவர், இன்று சூசோக் பண்டிகைக்குப் பரிசுப் பெட்டியில் வரிசையாக அமர்ந்து பேரப்பிள்ளைகளின் வீட்டுக்கும் போகிறார். அவருடைய தம்பியார் டின் மீனோ, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த இலங்கையில், சிலியிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலேறி வந்து மீன்குழம்பாகும் பெருமை உடையவர்.

ஆரோக்கியத்தில் மாமன்னர் காட்டும் கருணைக்கு அளவே கிடையாது. ஸ்பாமின் 340 கிராம் டின்னில், 56 கிராமுக்கு 790 மில்லிகிராம் என்ற கணக்கில் சோடியம் நிறைந்திருக்கிறது. ஒரு முழு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு நாளுக்கும் மேலான உப்பை ஒரே டின்னில் முன்பணமாகக் கொடுக்கும் தாராளம் வேறு யாருக்கு வரும்? பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில், புகையிலை அமர்ந்திருக்கும் அதே வரிசையில், 2015இல் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஆசனம் போட்டு உட்காரவைத்தது. நாளும் 50 கிராம் தின்றால் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றும் சான்றிதழ் தந்தது. ஒரு நாள் விருந்தாளியாக வந்து உடம்போடு நிரந்தர உறவு கொண்டாட விரும்பும் பாசத்தை என்னவென்று சொல்வது!

ஆனால் மாமன்னரின் ஈகையை அறிய வேண்டுமானால் வளைகுடா நாட்டுத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போக வேண்டும். அடுக்குக் கட்டில்கள் நெருக்கிப் போட்ட அறை. வெயிலில் கம்பி கட்டிவிட்டுத் திரும்புகிறவன் உசிலம்பட்டிக்காரனாக இருக்கலாம், எங்கள் தெருக்காரனாகவும் இருக்கலாம். உலை வைக்க நேரமில்லை. ஆட்டுக்கறி வாங்கினால் ஊருக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்க வேண்டும். அப்போது சில திர்ஹத்துக்குக் கறி என்ற பெயரோடு வந்து நிற்கிறார் மாமன்னர். குபூஸ் ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டித் தின்றுவிட்டு, வீடியோ அழைப்பில் அம்மாவிடம் "கறி சாப்பாடும்மா" என்று அவன் பொய் கலக்காமல் சொல்ல முடிகிறது. சமைத்துச் சாப்பிட அவனுக்கு நேரம் கொடுக்க வேண்டிய செலவிலிருந்தும், நல்ல கறி வாங்கும் அளவுக்குக் கூலி கொடுக்க வேண்டிய சங்கடத்திலிருந்தும் முதலாளிகளைக் காப்பாற்றிய இந்தத் தகரக் கடவுளுக்கு அந்த ஊர்க் கோபுரங்கள் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கலசம் வைத்திருக்க வேண்டும். கோபுரத்தைக் கட்டியவன் தின்றது இவரைத்தான்.

காலத்தை வென்ற சிரஞ்சீவியும் அவரே. 1824இல் ஆர்க்டிக் கடலுக்குப் போன வில்லியம் பாரியின் கப்பலில் ஏறிய கன்றிறைச்சி டின் ஒன்று, திறக்கப்படாமலே நூற்றாண்டைத் தாண்டி வாழ்ந்தது. 1930களின் கடைசியில் விஞ்ஞானிகள் அதைத் திறந்தார்கள். இறைச்சி நன்றாகவே இருந்தது. அதன் ருசியை மெச்சும் தகுதி தங்களுக்கு இல்லை என்று உணர்ந்த அந்தப் பணிவாளர்கள், அதைப் பூனைக்கு வைத்தார்கள். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகையால் மாமன்னரிடம் ஒரு விண்ணப்பம். எங்கள் ஊர் இன்னும் பக்குவப்படவில்லை. கிடா எந்தச் சந்தையில் பிடித்தது என்று கேட்டுத்தான் தின்போம் என்கிற பிடிவாதம் எங்களைவிட்டுப் போகவில்லை. எங்கள் பிள்ளைகள் நல்லி எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சும் அநாகரிகம் தீர இன்னும் சில தலைமுறை ஆகலாம். அதுவரை தாங்கள் பழங்காநத்தத்துப் பக்கம் எழுந்தருளாமல் கடை அலமாரியிலேயே அமர்ந்து அருள வேண்டும். எங்களுக்காகக் காத்திருப்பதில் தங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை. தாங்கள்தான் கெட்டுப்போக மாட்டீர்களே!