ரோஜாவுக்கு ஒரு நாள் ஓய்வு கோரி

ஆண்டுதோறும் உதகமண்டலத்தில் மலர்க் கண்காட்சி நடத்திவைக்கும் மகாகனம் பொருந்திய அதிகாரிகள் சமூகத்துக்குச் சமவெளிவாசி ஒருவன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

வசந்த ருதுவுக்கு மன்மதனே அதிபதி என்று பழைய புலவர்கள் எண்ணியிருந்தது அறியாமையேயன்றி வேறில்லை. மே மாதத்தில் இன்ன தேதிக்கு இன்ன முக்கியஸ்தர் வருகிறார் என்று கோப்பில் குறித்து, அதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே தொட்டிகளில் விதை ஊன்றி, அவர் நாடாவை வெட்டும் வேளைக்குச் சரியாக அத்தனை செடிகளையும் பூக்கவைக்கும் தங்கள் சாமர்த்தியத்துக்கு முன்னால் அவனுடைய ஐந்து பாணங்கள் எம்மாத்திரம்? அரசாங்க உத்தரவுக்குத் தவணை கேளாமல் கீழ்ப்படியும் ஜீவன்கள் இந்தத் தேசத்தில் புஷ்பங்கள் மட்டுமே என்பது என் துணிபு.

கோயம்புத்தூரிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, இ-பாஸைக் காட்டி, மேட்டுப்பாளையம் கடந்து, கொண்டையூசி வளைவுதோறும் முன்னால் நிற்கும் பேருந்தின் பின்புறத்தைத் தியானித்தவாறு குன்னூர் வழியே ஏறி, அன்றைக்கே கோத்தகிரி வழியே இறங்கவேண்டிய குடும்பஸ்தன், 1848ஆம் ஆண்டில் மெக்ஐவர் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்கலைஞர் உருவாக்கத் தொடங்கிய, கண்காட்சி நடக்கும் அந்தத் தாவரவியல் பூங்காவினுள் நுழைந்ததும் தரிசிப்பது ஒரு மாளிகையை! 2024இல் டிஸ்னி உலகத்துக் கோட்டை. மறுவருஷம் சோழர் அரண்மனை. ரோஜாவும் கார்னேஷனும் காம்பு நறுக்கப்பட்டுச் செங்கல் உத்தியோகம் பார்க்கின்றன. பக்கத்துத் தொட்டியில் உயிரோடு பூத்து நிற்கும் டேலியாவுக்கு முதுகைக் காட்டியபடி, ஜனங்கள் அந்தக் கோட்டையோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். (கோட்டைதான் வேண்டுமென்றால் செஞ்சி இருக்கிறதே, அங்கே மலைப்பாதை நெரிசலும் இல்லை.)

இதே நீலகிரியில் நீலக்குறிஞ்சி என்றொரு செடி உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, எவருக்கும் அழைப்பிதழ் அனுப்பாமலும், எந்த முக்கியஸ்தருடைய சௌகரியத்தையும் விசாரியாமலும், அது மலைச்சரிவு முழுவதும் பூத்துவிட்டு, விதையை உதிர்த்து, மடிந்தும் போகிறது. ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றந்தான். ஆயினும், விளக்கம் கேட்டுத் தாங்கள் அனுப்பும் ஓலை போய்ச் சேருமுன் குற்றவாளி மண்ணோடு மண்ணாகிவிடுவதால், அதனை மன்னித்துவிடுவதே உசிதம்.

அடியேனின் பிரார்த்தனை அற்பமானது. அடுத்த வருஷமாவது ரோஜா ரோஜாவாகவே இருந்துகொள்ளத் தாங்கள் அனுமதி வழங்கவேண்டும். விதிகள் அதற்கு இடம் தரவில்லையெனில், தங்கள் அலுவலகக் கட்டடத்தையேனும் ஒரு பூவின் வடிவத்தில் கட்டிவிடுங்கள். மலையேறி வந்ததற்குப் பூ ஒன்றைப் பார்த்தோம் என்ற திருப்தியோடு நாங்கள் கீழே இறங்கிவிடுகிறோம்.