விழாவால திரும்பின மருமோனுக்கு

மருமோன், வாரும், இந்த வாங்கில இரும். யாழ்ப்பாணத்துச் சர்வதேசச் சினிமா விழாவுக்குப் போய் வந்த நாளிலயிருந்து உம்மட போக்கே வேறயாக் கிடக்கெண்டு மாமி சொல்லுறா. தேத்தண்ணியைக் கையில வச்சுக்கொண்டு சுவரைப் பாத்தபடி நிக்கிறீராம். பயப்பிடாதையும், அது விழாக் காய்ச்சல். ரெண்டு கிழமையில இறங்கும்.

அது இறங்க முந்தி ஊருக்குள்ள நாலு பேர் மறிச்சு, "எந்தப் படம் பிடிச்சுது?" எண்டு கேப்பினம். மறுமொழி சொல்லத் தெரியாட்டி பஸ்காசு வீண். கிழவன் சொல்லித் தாறன், கேளும். படத்தின்ர பேரை முதல்ல சொல்லக் கூடாது. எடுத்தவன்ர பேரைச் சொல்லோணும், அதுவும் நாக்குச் சுளுக்கிற பேரா இருக்கோணும். ஈரான், ஹங்கேரி எண்டால் விசேஷம். நித்திரை கொண்ட படத்தை "நிதானமான நடை" எண்டும், விளங்காத படத்தை "பல அடுக்குள்ள படம்" எண்டும் சொல்லும். அழுத படத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடாதையும். அழுறதெல்லாம் எம்.ஜி.ஆர். படத்துக்குப் போற எங்களைப் போல ஆக்களின்ர வேலை.

பகிடி கிடக்கட்டும். நீர் போனது நல்ல இடம். சண்டை முடிஞ்சு ஆறு வருஷத்தில, 2015ல, துவங்கின விழா. அதை முன்னுக்கு நிண்டு நடத்துறவ அனோமா ராஜகருணா, தானும் படமெடுக்கிற ஒரு சிங்கள மனுசி. எங்கட ஆக்கள் வெளிநாட்டிலயிருந்து கோயில் கோபுரத்துக்குக் காசு அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில, இவ தெற்கிலயிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படங்காட்ட வந்தா. அதுக்கு ஒரு கும்பிடு.

ஆனா சர்வதேச விழாவை நீர்தான் முதல் கண்டனீர் எண்டு நினையாதையும். எண்பதுகளில நாங்களும் நடத்தினனாங்கள். டிவியும் டெக்கும் வாடகைக்கு, கரண்ட் இல்லாத இடத்தில ஜெனரேற்றர். ஒன்பது மணிக்குச் சிவாஜி, பன்ரெண்டுக்கு புரூஸ் லீ, விடியப்புறம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு சாமிப்படம். மூண்டு உலகமும் ஒரே முத்தத்தில. ஜூரியா எங்கட அப்பாச்சி இருந்தா. வில்லன் வரேக்க காறித் துப்புவா, அதுதான் தீர்ப்பு.

சரி, உம்மட பட்டியலுக்கு வருவம். நீர் பென்டிரைவில போட்டுத் தந்ததுகளை நானும் மாமியும் பாத்தனாங்கள். வினோத்ராஜின்ர கூழாங்கல் உமக்கு முதலிடம். நெதர்லாந்தில ரொட்டர்டாம் விழாவில 2021ல புலி விருது வாங்கின படம். இஞ்ச அந்தப் பேரில ஒரு விருது குடுத்திருந்தா, வாங்கினவன் நேரா நாலாம் மாடிக்குத்தான் போயிருப்பான். படத்தில என்ன நடக்குது? கோவிச்சுக்கொண்டு போன பெஞ்சாதியைத் தேடித் தேப்பனும் மகனும் போகினம், பஸ்காசைப் பொடியன் கிழிச்சுப் போட, கொதிக்கிற வெயிலில நடந்து திரும்பி வருகினம். அவ்வளவுதான். நீர் அதைக் காட்சிமொழி எண்டு விளங்கப்படுத்தினீர். மாமி ஒண்டும் பேசயில்லை. கடைசியில ஒரு பொம்பிளை குழிக்குள்ள ஊறுற தண்ணியை மெல்ல மெல்ல அள்ள, மற்றவை காத்துக்கொண்டிருக்கிற இடம் வரேக்கதான் வாய் திறந்தா: "கலக்காமல் அள்ளுறாள், பழகின கை." அந்தப் படத்துக்கு அதைவிட நல்ல விமர்சனம் நான் கேள்விப்படேல்லை.

ரெண்டாவது தீபன். 2015ல கான் விழாவின்ர தங்கப்பனை அதுக்குத்தான். அல்லைப்பிட்டிப் பொடியன் ஷோபாசக்திதான் கதாநாயகன். செத்த ஆக்களின்ர பாஸ்போட்டில ஒரு ஆம்பிளையும் ஒரு பொம்பிளையும் ஒரு சின்னப் பிள்ளையும் குடும்பமெண்டு சொல்லிப் பிரான்சுக்குப் போகினம். பாரிஸ் இருட்டுக்குள்ள, தலையில மின்னுற விளையாட்டுச் சாமானைக் கொழுவிக்கொண்டு அவன் விக்கத் திரியிற இடம் இருக்கெல்லே, அது சத்தியம். உம்மட கொப்பர்ர தம்பி அங்க போன புதிசில என்ன வேலை செய்தவரெண்டு இண்டைக்கு வரைக்கும் சொன்னவரே? கடைசியில வாற சுடுபாடுதான் எனக்கு ஒத்துவரேல்லை. எங்கட கதையெண்டு துவங்கி வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்ச கதையாக்கிப் போட்டாங்கள்.

இப்ப என்ர பட்டியல். அதில ரெண்டு. ரெண்டும் பிரசன்ன விதானகே எடுத்தது, சிங்களப் படம். புரஹந்த களுவரவில ஒரு கண் தெரியாத கிழவன். மகன் ஆமியில. சீல் வச்ச பெட்டி வீட்டுக்கு வருகுது. பெட்டிக்குள்ள மகன் இல்லையெண்டு கிழவன் சாதிக்கிறான், நட்டஈட்டுப் பத்திரத்தில கையெழுத்து வைக்க மாட்டன் எண்டுறான். ஜோ அபேவிக்ரம நடிச்சிருக்கிற நடிப்பைப் பாரும். மகன் எங்கயெண்டு கேட்டு றோட்டில குந்தியிருக்கிற எங்கட தாய்மாரை எனக்குத் தெரியும். அங்காலப் பக்கத்திலயும் ஒருத்தர் அப்பிடி இருந்தவர் எண்டு அந்தப் படத்திலதான் கண்டன்.

மற்றது 2003ல வந்த இர மதியம. அதில மூண்டு கதை. ஒண்டு 1990 ஒக்டோபரில வடக்கால முஸ்லிம் சனத்தைக் கலைச்ச கதை. அரபாத் எண்ட பொடியனுக்குத் தன்ர நாயை விட்டிட்டுப் போக மனமில்லை. உமக்கு அது படம், மருமோன். இஞ்ச, எங்கட பாப்பாமோட்டையிலயிருந்து விடத்தல்தீவு எவ்வளவு தூரம்? எருக்கலம்பிட்டி எவ்வளவு தூரம்? மீனும் மரக்கறியும் மாறிக் குடுத்து, ஒருத்தர்ர கலியாணத்துக்கு மற்றவர் போய் வந்த சனம். ஊரை விட்டுப் புத்தளத்துப் பக்கம் போச்சுது. நிண்டு பாத்த எங்கட ஆக்கள் இன்னும் அதைப் பற்றி வாய் திறக்கிறேல்லை. ஒரு சிங்களவன் வந்து ஒரு நாயை வச்சுச் சொல்ல வேண்டிக் கிடந்தது.

உமக்கு இன்னொரு புதினம் தெரியுமோ? புரஹந்த களுவரவை 2000ல அரசாங்கம் மறிச்சது. விதானகே உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வெண்டு படத்தை ஓட்டினார். 2018ல அதே யாழ்ப்பாண விழாவில, எங்கட பிள்ளை ஜூட் ரட்ணம் எடுத்த டீமன்ஸ் இன் பரடைஸ் காட்டயிருந்தது. கானில காட்டின படம், இயக்கங்கள் தங்களுக்குள்ள செய்ததையும் பேசுற படம். எதிர்ப்பு வந்து நிப்பாட்டிப் போட்டினம். சிங்களப் படத்தை மறிக்க ஒரு அரசாங்கம் வேண்டிக் கிடந்தது. எங்களுக்கு ஒருத்தரும் தேவையில்லை, அந்தத் தொழிலில நாங்கள் தன்னிறைவு. படம் பிழையெண்டால் பாத்திட்டுத் திட்டுறது. பாக்காமலே திட்டுறதுக்கு விழா என்னத்துக்கு?

எங்களைப் பற்றின படத்தை கானும் பாத்தாச்சு. பாப்பாமோட்டை இன்னும் பாக்கயில்லை. 2011ல சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு ஏ-32 றோட்டால யாழ்ப்பாணம் போறது லேசுதான், ஆனா வலை தைக்கிறவன் நாலு நாள் போயிருந்து படம் பாக்க ஏலுமே? ரெண்டு இரவு முழுக்க நாட்டுக்கூத்துப் பாத்துப் பழகின சனம் இது. உம்மட ஹங்கேரிக்காரன் பத்து நிமிஷம் ஒரு கதவைக் காட்டினாலும் எழும்பிப் போகாது.

அதால அடுத்த முறை போகேக்க விழா நடத்துற அந்த அனோமாவிட்டக் கேட்டுப் பாரும், ஒரே ஒரு இரவு எங்கட பக்கமும் திரை கட்டட்டாம். முதல் படமா இர மதியம போடட்டும், விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்திருக்கிற ஆக்களுக்கும் சொல்லி அனுப்புவம். சனிக்கிழமை இரவாக் கேளும். ஞாயிறு தொழிலுக்குப் போறதில்லை.