வேதமும் வேலிக் கணக்கும்

கேள்வி: நானும் கணவரும் வயல்வேலை செய்கிறோம். பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. மகளுக்கு வீட்டில் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?
– ஒரு தாய், பூதலூர்

பதில்: சொல்லிக்கொடுக்க வேண்டாம் அம்மா, அவளைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வீடே பள்ளியாக முடியும் என்பதற்குத் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஒரு சான்று. அவர் தொழிலால் சித்த மருத்துவர்; இசையையும் ஆராய்ந்தார். அவருடைய இசை ஆராய்ச்சி வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாடமானது. 1916-இல் பரோடா இசை மாநாட்டில் அவருடைய சுருதிக் கணக்கை இசைத்துக் காட்டியவர்கள் மகள் மரகதவல்லி முதலான வீட்டுப் பெண்களே. பெண்களைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கிய காலம் அது!

உங்கள் வீட்டிலும் குடும்ப ஜெபத்தில் வேதபாகத்தை மகளே உரக்க வாசிக்கட்டும். வாசித்ததைத் தன் சொல்லில் சொல்லட்டும். விதைக்கிறவன் உவமை வரும் நாளில் நீங்கள்தான் டீச்சர். வழியோரம் விழுந்த விதை என்னாகும் என்பதை, நாற்றங்காலில் விதை விடுகிற உங்களைவிட யார் விளக்குவார்? கணக்குக்கும் வரப்பே போதும். நம் நில அளவில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று வேலிக்கு எத்தனை குழி என்று கேளுங்கள். இதற்கெல்லாம் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அப்போது டிவியை அணைத்துவிட்டு, அவள் அப்பாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.