மலையை நகர்த்திய மளிகைக் கடைக்காரர்

1860களில் அமெரிக்காவின் கிழக்கே ரயில் இருந்தது, மேற்கே தங்கம் இருந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை என்று வாஷிங்டனில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் குடியிருந்த பூர்வகுடிகளைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். அவர்களை யார் கேட்டார்கள்?

கண்டத்தின் குறுக்கே ரயில் விட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். வடக்கு வழியாகவா, தெற்கு வழியாகவா என்பதில்தான் வருஷக்கணக்காக அடிதடி. 1861இல் தெற்கத்திக்காரர்கள் கோபித்துக்கொண்டு நாட்டை விட்டே வெளியேறிவிட, அந்த வாக்குவாதம் தானாகத் தீர்ந்தது. 1862 ஜூலை 1 அன்று, உள்நாட்டுப் போரின் நடுவே, லிங்கன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக், மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக் என்று இரண்டு கம்பெனிகள். பாதை போடப் போட மைல் கணக்கில் அரசாங்கக் கடன் பத்திரம்: சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மேட்டு நிலத்தில் 32,000, மலையில் 48,000. கூடவே நிலம். 1864இல் சட்டத்தைத் திருத்தி அந்த நிலத்தையும் இரட்டிப்பாக்கினார்கள். மைலுக்கு 12,800 ஏக்கர்! இரண்டு பாதைகளும் எங்கே சந்திக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை. மைலுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் எவன் சந்திப்பான்?

மேற்குக் கம்பெனியின் முதலாளிகள் நாலு பேர், சாக்ரமென்டோ ஊர்க் கடைக்காரர்கள். ஸ்டான்ஃபோர்ட் மளிகை, க்ராக்கர் ஜவுளி, ஹன்டிங்டனும் ஹாப்கின்ஸும் இரும்புச் சாமான். ஸ்டான்ஃபோர்ட் கலிஃபோர்னியாவின் கவர்னர், அதே சமயத்தில் ரயில் கம்பெனியின் தலைவர். கவர்னரிடம் மனு கொடுக்க வேண்டுமானால் அவர் கண்ணாடி முன்னால் நின்றாலே போதும்.

இவர்களை இந்த வேலைக்கு இழுத்துவந்தவர் தியோடர் ஜூடா என்ற எஞ்சினியர். சியரா நெவாடா மலையில் வழி கண்டுபிடித்தவரே அவர்தான். பிறகு முதலாளிகளோடு ஒத்துப்போகவில்லை. வேறு பணக்காரர்களைப் பிடித்துவரலாம் என்று நியூயார்க்குக்குப் புறப்பட்டார். நேர் வழியில் ரயில் இல்லாததால் கப்பலேறிப் பனாமா வழியாகப் போனார். அங்கே மஞ்சள் காய்ச்சல் தொற்றி 1863இல் செத்துப்போனார். ரயில் கனவு கண்டவரை ரயில் இல்லாத குறையே கொன்றது.

மலை வேலையில் காசு மூன்று மடங்கு அல்லவா? ஆனால் சாக்ரமென்டோவைச் சுற்றித் தட்டையான நிலம். மலை வரும்வரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? மாநிலத்தின் நிலவியல் அறிஞர் ஜோசையா விட்னியை அழைத்துப்போய்க் காட்டினார்கள். ஊருக்கு ஏழு மைலில் ஆர்கேட் ஓடை என்று ஒன்று. அதைத் தாண்டினால் மண்ணின் நிறம் மாறுகிறதாம், ஆகவே சியரா மலையின் அடிவாரம் இங்கேதான் தொடங்குகிறது என்று அவர் சான்றிதழ் கொடுத்தார். அந்த இடத்தில் நின்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தால் உருளாது. போர்க் கவலையில் இருந்த லிங்கன் அதை ஏற்றுக்கொண்டார். கண்ணுக்குத் தெரியும் மேடு ஆரம்பிப்பதற்குப் பல மைல் முன்பே, மைலுக்கு 32,000 டாலர் அதிகமாகக் கல்லாவில் விழத் தொடங்கியது. 1864இல் விட்னியின் சக ஆய்வாளர்கள் அந்த மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்க முடியாது.

கிழக்கே இருந்தவர் டாக்டர் தாமஸ் டுராண்ட். மருத்துவம் படித்தவர்தான், நாடி பார்ப்பதை விட்டுவிட்டுப் பங்குச் சந்தையைப் பார்க்கப் போய்விட்டார். முதல் பகுதிக்கு மைலுக்கு 30,000 டாலர் போதும் என்று தலைமை எஞ்சினியர் பீட்டர் டே எஸ்டிமேட் போட்டார். டுராண்ட் 50,000க்குக் கான்ட்ராக்ட் விட்டார். டே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இந்தக் கதையில் வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால், அவரைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

கான்ட்ராக்டை எடுத்தவர் பெயரளவுக்கு ஓர் ஆள். அவரிடமிருந்து அது கிரெடி மொபிலியே என்ற கம்பெனிக்குக் கைமாறியது. பிரான்ஸில் புகழோடு இருந்த ஒரு வங்கியின் பெயர் அது. அந்த வங்கிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெயரைச் சிபாரிசு செய்தவர் ஜார்ஜ் ஃபிரான்சிஸ் ட்ரெயின். ஆமாம், நிஜமாகவே அவர் குடும்பப் பெயர் ட்ரெயின். விஷயம் இதுதான்: ரயில் கம்பெனியை நடத்துகிறவர்களே கான்ட்ராக்ட் கம்பெனியின் பங்குதாரர்கள். வலது கை பில் போடும், இடது கை பாஸ் பண்ணும். ரயில் கம்பெனி எப்போது பார்த்தாலும் கடனில் தத்தளிக்கும். கான்ட்ராக்ட் கம்பெனி லாபத்தில் மிதக்கும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

இதை நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டுவிட்டால்? அதற்குத்தான் ஓக்ஸ் ஏம்ஸ். மாசசூசெட்ஸ் உறுப்பினர், மண்வெட்டி வியாபாரக் குடும்பம், கிரெடி மொபிலியேயில் பெரிய பங்குதாரர். 1867-68 குளிர்காலத்தில் சக உறுப்பினர்களுக்குப் பங்குகளைப் பழைய விலைக்கே கொடுத்தார். கையில் காசு இல்லையா, பரவாயில்லை, வருகிற டிவிடெண்டில் கழித்துக்கொள்ளலாம். லஞ்சமா? சேச்சே, நண்பர்களுக்கு ஒரு முதலீட்டு யோசனை. யாருக்கு எவ்வளவு என்று ஒரு குறிப்புப் புத்தகத்திலும் ஒழுங்காக எழுதிவைத்தார். வியாபாரி அல்லவா, கை சும்மா இருக்குமா?

இதற்கிடையில் ரயில் பாதையை யாராவது போட வேண்டுமே! சியரா மலையின் கருங்கல்லைக் குடைந்தவர்கள் சீனத் தொழிலாளிகள், ஆயிரக்கணக்கில். உச்சிச் சுரங்கத்தில் ஒரு நாள் முழுக்கக் குடைந்தால் ஓர் அடி நகரும், அதற்குச் சற்று மேல். 1867 ஜூனில், சம்பளத்தை உயர்த்து, வேலை நேரத்தைக் குறை என்று சொல்லிக் கருவிகளைக் கீழே வைத்தார்கள். ஆர்ப்பாட்டம் இல்லை, சண்டை இல்லை. க்ராக்கர் மலைமேல் போகும் சாப்பாட்டை நிறுத்தினார். ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. பிற்பாடு இரண்டு பாதைகளும் இணைந்த விழாவின் படத்தில் எல்லோரும் மது பாட்டிலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்; சீனர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1882இல் சீனத் தொழிலாளிகள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டமும் வந்தது. அப்போதுதான் அவர்கள் நினைவு வந்தது போலிருக்கிறது.

1869 வாக்கில் இரண்டு கம்பெனிகளும் யூட்டாவில் ஒன்றையொன்று தாண்டி, 200 மைலுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் எதிரெதிர்த் திசையில் மண் கொட்டிக்கொண்டு போயின. ஏப்ரலில் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டு, போதும் சாமி, ப்ரோமன்டரியில் சேருங்கள் என்றது.

இணைப்பு விழா மே 8 என்று குறித்து, தங்க ஆணியில் அந்தத் தேதியைப் பொறித்தும் ஆயிற்று. டுராண்ட் தன் சொகுசு ரயில் பெட்டியில் வந்துகொண்டிருந்தார். வையோமிங்கில் பீட்மான்ட் என்ற இடத்தில், மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காத தொழிலாளிகள் பெட்டியைக் கழற்றி, காசைக் கொடுத்துவிட்டுப் போ என்று உட்கார வைத்துவிட்டார்கள். தந்தி பறந்தது, பணம் வந்தது. போதாததற்கு மழையில் ஒரு பாலமும் பழுதானது. விழா மே 10க்குத் தள்ளிப்போனது. ஆணியில் மட்டும் இன்றைக்கும் மே 8தான். (கடத்தலே டுராண்ட் போட்ட நாடகம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அவரைத் தெரிந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.)

தங்கத்தைச் சம்மட்டியால் அடித்தால் நசுங்கும் என்பதால், ஏற்கெனவே துளைபோட்ட கட்டையில் அதைச் செருகி எடுத்துவிட்டார்கள். பிறகு இரும்பு ஆணி. ஸ்டான்ஃபோர்ட் சம்மட்டியை ஓங்கினார், கட்டையில் விழுந்தது. டுராண்டும் குறி தவறினார் என்பார்கள். அன்று அவருக்குத் தலைவலி வேறு. ஆறு வருஷம் ரயில்பாதை போட்டவர்கள் ஓர் ஆணி அடித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. முடிந்தது என்று தந்தி போனதும் நாடு முழுக்க மணியடித்துக் கொண்டாடினார்கள். ஆனால் மிசூரி ஆற்றுக்குப் பாலம் வந்தது 1872இல்தான். அதுவரை கடலிலிருந்து கடலுக்குப் போன பயணி நடுவில் இறங்கி ஆற்றைக் கடந்து ஏற வேண்டும்.

அதே 1872 செப்டம்பரில், தேர்தல் நேரத்தில், நியூயார்க் சன் பத்திரிகை எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டியது. விசாரணையில் ஏம்ஸ் தன் குறிப்புப் புத்தகத்தை விரித்தார். துணை ஜனாதிபதி கோல்ஃபாக்ஸ், ஏம்ஸ் சொன்ன 1,200 டாலர் தன் கணக்கில் எப்படி வந்தது என்று விளக்கினார்: அதில் 1,000 டாலரைத் தபாலில் அனுப்பியவர் ஒரு நண்பர், பாவம், இறந்துவிட்டார். தோண்டிப் பார்த்ததில் அந்த நண்பர் அரசாங்கத்துக்கு உறை சப்ளை செய்தவர், கோல்ஃபாக்ஸ் தபால் கமிட்டிக்குத் தலைவராக இருந்தவர். ஒரு ஊழலிலிருந்து தப்பிக்க இன்னொன்றைச் சாட்சிக்கு அழைத்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஏம்ஸுக்கும் ஜேம்ஸ் ப்ரூக்ஸ் என்பவருக்கும் கண்டனத் தீர்மானம். பதவி பறிப்பு கிடையாது, சிறை கிடையாது. மேற்குக் கம்பெனியின் கான்ட்ராக்ட் கணக்குப் புத்தகங்கள் எங்கேயோ காணாமல் போயிருந்தன. ஹாப்கின்ஸ் அண்ட் கோ ஏம்ஸைப்போல அப்பாவிகள் அல்ல.

குறிப்புப் புத்தகத்தில் பெயர் வந்த இன்னொருவர் ஒஹாயோ உறுப்பினர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட். அவர் பங்குக்கு 329 டாலர். வாங்கவே இல்லை என்று அவர் மறுத்தார். 1880இல் அவர் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது எதிர்க்கட்சிக்காரர்கள் கண்ட சுவரில் எல்லாம் 329, 329 என்று எழுதிவைத்தார்கள். ஜனங்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். இத்தனை கோடி புரண்ட இடத்தில் வெறும் 329தானா, ஆள் யோக்கியன்தான் என்று ஓட்டுப் போட்டு ஜனாதிபதி ஆக்கினார்கள்.